ஆத்துல

‘ஆத்துல’ என்று எழுதினால் கொச்சை, ‘ஆற்றில்’ என்று எழுதினால் தமிழ். இந்தத் தீர்ப்பு எந்தச் சாட்சியத்தின் பேரில் வழங்கப்பட்டது என்று கேட்கிற பழக்கம் நம்மிடம் இல்லை. பண்டிதர் சொன்னார், பத்திரிகையில் திருத்துகிறவர் திருத்தினார், எழுதியவனும் கூச்சப்பட்டுக்கொண்டு மேற்கோள் குறிக்குள் போட்டான். அதோடு விசாரணை முடிந்தது. கல்லணைக்குக் கீழே வெண்ணாற்றிலும் வெட்டாற்றிலும் அரசலாற்றிலும் இறங்கிக் குளிக்கிறவன் எவனும் ‘ஆற்றில்’ என்று சொன்னதில்லை. அவன் பாஷை அவனுக்கு. அச்சு பாஷை நமக்கு. இந்தப் பாகப்பிரிவினையில் யாருக்கும் மனஸ்தாபம் இருப்பதாகத் தெரியவில்லை. எனக்கு இருக்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘ஆறு’ என்ற சொல்லும், வேற்றுமை ஏற்கும்போது அது அடைகிற ரூபமும் தமிழில் கிடைத்திருக்கிற எந்த ஏட்டையும் எந்தக் கல்வெட்டையும்விடப் பழைய ஆவணம். மொழிப் பெருமை பேசுகிறவர்கள் அதைப் படிக்க மறுக்கிறார்கள், ஏனென்றால் அதைப் படிப்பதற்குத் தெலுங்கும் கோண்டியும் வேண்டியிருக்கிறது. படிக்கத் தெரிந்த சிலர் ரோமன் எழுத்தில் பூட்டி வைத்திருக்கிறார்கள். நடுவில் நிற்கிற நாம், கவிதையும் விமர்சனமும் எழுதுகிறவர்கள், இலக்கணம் என்றதும் பள்ளிக்கூட வாடை அடிக்கிறது என்று மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம். மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் இது.

தமிழில் ‘ஆறு’ என்று நான்கு இருக்கின்றன. ஓடுகிற ஆறு. ஐந்துக்கு அடுத்த ஆறு. வழி என்ற அர்த்தத்தில் ஆறு; ஆற்றுப்படை என்பதில் இருப்பது இது. காப்பியை ஆற வைக்கிறோமே, அந்த வினை நான்காவது. தமிழை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இவை நான்கும் ஒன்றாகத் தெரியும். ஒன்றாகத் தெரிந்ததும் ஒரு கதை கட்டத் தோன்றும். அப்படிக் கட்டிய கதைகள் பள்ளிக்கூடத்திலிருந்து பட்டிமன்றம் வரை உலவுகின்றன: நிலத்தை அறுத்துக்கொண்டு போவதால் ஆறு, நீர் போகிற வழி ஆகையால் ஆறு, உடம்புச் சூட்டை ஆற்றுவதால் ஆறு. கேட்கிறவர்கள் கை தட்டுகிறார்கள். மூன்றும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியாதே என்று யாருக்கும் உறைப்பதில்லை. சொற்பிறப்பு என்பது சிலேடை என்று ஆகிவிட்ட இடத்தில் முரண்பாடு ஒரு குற்றமில்லை, வளம்.

இப்போது இதைப் பார்க்கலாம். சங்கப் பாடல்களில் ஓடுகிற ஆறு பல இடங்களில் ‘யாறு’. வழி என்கிற ஆறு ‘ஆறு’தான், ‘யாற்றுப்படை’ என்று ஒரு நூல் கிடையாது. எண்ணுக்கும் ய் கிடையாது. ‘அறு’ என்ற வினைக்கும் கிடையாது. யகரம் சொல்லுக்கு முதலில் வர வேண்டுமானால் ஆகாரத்தோடுதான் வரும் என்று தொல்காப்பியர் ஒரு சூத்திரமே போட்டிருக்கிறார். அப்படி ‘யா’வில் தொடங்கிய சொற்கள் ஒரு சிறு கூட்டம்: யானை, யாடு, யான், யாறு. பின்னால் இவற்றில் பலவற்றுக்கு ய் உதிர்ந்தது. ஆனை, ஆடு, ஆறு. சரி, தெலுங்குக்குப் போனால்? யானைக்கு ஏனுகு. ஆட்டுக்கடாவுக்கு ஏட. யானுக்கு ஏனு. ஆற்றுக்கு ஏறு. எண் ஆறு மட்டும் அங்கேயும் ஆறு. நாம் ‘யா’ என்று எழுதிய இடத்தில் எல்லாம் அவர்கள் ‘ஏ’. நாம் வெறும் ‘ஆ’ எழுதிய இடத்தில் அவர்களும் ‘ஆ’. இது சிலேடை இல்லை, ஒழுங்கு. நான்கு சாட்சிகள் தனித்தனியாக வந்து ஒரே வாக்குமூலம் கொடுக்கிறார்கள். அறுத்துக்கொண்டு போகிற ஆறு இந்த ஒரு ய் தடுக்கி விழுந்துவிடுகிறது.

(திருவையாறு உதவும் என்று யாரும் அங்கே ஓட வேண்டாம். ஐ-க்குப் பின்னால் வருகிற அந்த ய் பழைய யகரமா, இரண்டு உயிர் சந்திக்கும்போது வருகிற உடம்படுமெய்யா என்று அந்தப் பெயரைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. நல்ல சாட்சிதான், ஆனால் இந்தக் கேள்வியில் ஊமை.)

ஒழுங்கு என்று ஒன்று கிடைத்ததும் பின்னால் போக வழி பிறக்கிறது. தமிழ் யாறு, தெலுங்கு ஏறு, கோண்டி ஏர் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவை எல்லாம் எந்த ஒரு வடிவத்திலிருந்து கிளைத்திருந்தால் இப்படி இருக்கும் என்று கேட்கிறார்கள். கிடைக்கிற விடைக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போடுகிறார்கள்: *யாறு. நட்சத்திரத்தின் அர்த்தம், இது எங்கும் எழுதிக் கிடைக்கவில்லை, யார் வாயிலிருந்தும் கேட்டதில்லை, கணித்தது என்பது. ஜெர்மானியரான ஷ்லைஹர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தக் குறியைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அவருக்கு ஆர்வம் தாங்கவில்லை. 1868இல், கணித்த சொற்களை வைத்தே ஆடும் குதிரைகளும் என்று ஒரு குட்டிக் கதை எழுதினார். அவருக்குப் பின்னால் வந்த ஒவ்வொரு தலைமுறையும் அந்தக் கதையைத் திருத்தி எழுதியிருக்கிறது, ஒன்று மற்றதைப் போல் இல்லை. இதைக் காட்டி, பார்த்தீர்களா எல்லாம் கற்பனை என்பார்கள் நம்மவர்கள். எனக்கு நேர் எதிராகத் தோன்றுகிறது. திருத்த முடிகிற கதைதான் அறிவு. திருத்தவே முடியாத கதைக்கு வேறு பெயர் இருக்கிறது.

திராவிட மொழிகளில் இந்த வேலை நம் வாசலிலேயே ஆரம்பித்தது. எல்லிஸ் 1816இல், கால்டுவெல் 1856இல். 1961இல் பர்ரோவும் எமனோவும் திராவிடச் சொற்பிறப்பு அகராதியைக் கொண்டுவந்தார்கள். 1984இல் அதன் திருத்திய பதிப்பில் 5,500க்கு மேல் பதிவுகள். சொல் முதலில் வருகிற ய் பற்றிய சிக்கலை பர்ரோ 1940களிலேயே எடுத்துக்கொண்டு தனிக் கட்டுரை எழுதினார். பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியின் பெரிய புத்தகம் 2003இல் வந்தது. இவ்வளவும் நடந்து முடிந்தும் நாம் இன்னும் நிலத்தை அறுத்துக்கொண்டிருக்கிறோம்.

தேவநேயப் பாவாணரைச் சொல்லாமல் இதைத் தாண்ட முடியாது. 1902இலிருந்து 1981வரை வாழ்ந்தவர்; அதில் பெரும் பகுதியைச் சொற்களுக்கே செலவழித்தவர்; அரசு 1974இல் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தை அவர் கையில் கொடுத்தது, முதல் பகுதி அவர் மறைந்த பின் 1985இல் வந்தது. அவருடைய உழைப்பில் கால் பங்கு நம்மில் யாரும் உழைத்ததில்லை, இதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். ஆனால் அவருடைய முறை என்ன? தமிழ்தான் உலக முதல்மொழி என்பது முடிவாக முதலிலேயே இருக்கிறது. சுட்டொலியிலிருந்து வேர், வேரிலிருந்து சொல், சொல்லிலிருந்து உலகம் என்று கீழ்நோக்கி இறங்குகிறார். தெலுங்கு ஏன் ‘ஏ’ என்கிறது என்பதற்கு அந்த முறையில் இடமே இல்லை. தெலுங்கு திரிந்தது, அவ்வளவுதான். எது வந்தாலும் பொருந்துகிற முறை. எந்தச் சாட்சி வந்தாலும் தோற்காத வழக்கு. தோற்க வாய்ப்பில்லாத இடத்தில் ஜெயிப்பதற்கும் ஒன்றுமில்லை என்பதை அவருடைய சிஷ்யர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. அவர்கள் நட்சத்திரத்தை வெறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. தமிழுக்கு மேலே ஒன்று இருந்தது, அது தமிழ் அல்ல, அதற்குத் தமிழும் கோண்டியும் சமமான வாரிசுகள் என்று அந்தச் சின்னக் குறி சொல்லிவிடுகிறது.

சமம்தானா? எண் ஆறையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் ஆறு, தெலுங்கில் ஆறு, கன்னடத்தில் ஆறு. கோண்டியில் ஸாரூங். சங்கமும் இல்லாத, ஏடும் இல்லாத, காட்டில் பேசப்படுகிற கோண்டி முதலெழுத்தை வைத்திருக்கிறது; இரண்டாயிரம் வருஷத்து இலக்கியம் உள்ள நாம் தொலைத்துவிட்டோம், தொலைத்தது நமக்கே தெரியாது. நமக்குச் செவி, கன்னடத்துக்குக் கிவி. நாம் அணையைச் சிறை என்றோம், அவர்கள் ஏரியைக் கெரெ என்கிறார்கள். இரண்டும் ஒரே சொல். எ, இ போன்ற உயிர்களுக்கு முன்னால் இருந்த ககரம் நம் பக்கத்தில் சகரமாகிவிட்டது, கன்னடத்தில் அப்படியே நிற்கிறது. தண்ணீர் விஷயத்தில் மட்டுமில்லை, ககரத்திலும் அவர்கள் நமக்கு மேலே இருக்கிறார்கள் என்று தஞ்சாவூரில் மேடை போட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் போதாது. இங்கே சொல்லலாம், படிப்பவர்கள் முந்நூறு பேர்.

இனி றகரம். 1970இல் சென்னையில் ஒரு சிறுபத்திரிகை ஆரம்பித்தார்கள், வல்லின எழுத்துக்கள் ஆறையும் சேர்த்துப் பெயர் வைத்தார்கள்: கசடதபற. வல்லினமாக இருக்க வேண்டும் என்ற ஆசை. அந்த ஆறில் கடைசி எழுத்தை நாம் உச்சரிக்கிற விதத்தில் அதில் வன்மை ஏதும் இல்லை. நாக்கு உருளுகிறது, கிட்டத்தட்ட இன்னொரு ர. பிறகு ஏன் அது வல்லின வரிசையில் உட்கார்ந்திருக்கிறது? தொல்காப்பியர் பிறப்பியலில் காரணம் வைத்திருக்கிறார். ரகர ழகரங்களுக்கு நாக்கு அண்ணத்தை வருடும் என்கிறார். றகர னகரங்களுக்கு ஒற்றும் என்கிறார். வருடுவது வேறு, ஒற்றுவது வேறு. அவர் காதில் விழுந்தது பல்லுக்கு மேலே நாக்கு பட்டு நின்று தெறிக்கிற முழு வல்லினம். துளுவில் ஆறுக்கு ஆஜி, மூன்றுக்கு மூஜி என்கிறார்கள். வெறும் ரகரத்திலிருந்து ஜகரம் முளைக்காது, அங்கே ஒரு காலத்தில் ஒற்றுகிற எழுத்து இருந்திருக்க வேண்டும். உயிர்களுக்கு நடுவில் அது தனியாக நின்றபோது தேய்ந்து உருண்டது. இரட்டித்தபோது தேயவில்லை.

இரட்டிப்பது எப்போது? இங்கேதான் வேற்றுமை வருகிறது.

ஆறு, ஆற்றை, ஆற்றுக்கு, ஆற்றின், ஆற்றில். எழுவாயாக நிற்கும்போது ஒரு ற். உருபு ஏற்கப்போகிறது என்றதும் இரண்டு. வீடு, வீட்டை, காடு, காட்டுக்கு, சோறு, சோற்றில். நெடிலுக்குப் பின்னாலும் உயிர்த்தொடரிலும் வருகிற குற்றியலுகரங்களில் ட, ற ஒற்று வேற்றுமையில் இரட்டிக்கும் என்று நன்னூல் விதி. பள்ளிக்கூடத்தில் புணர்ச்சி என்ற தலைப்பில் இதை மனப்பாடம் செய்துவிட்டு மறந்திருப்போம். இது புணர்ச்சியே இல்லை. இரண்டு சொற்கள் சேரும்போது ஓசைக்காக ஏற்படுகிற சௌகரியம் இல்லை. பெயர்ச்சொல்லுக்கே இரண்டு உடம்பு இருக்கிறது: எழுவாயில் நிற்க ஒன்று, உருபைச் சுமக்க ஒன்று. சுமக்கிற உடம்பைச் சிலர் திரிபு வடிவம் என்கிறார்கள். மரம், மரத்து என்பதும் இதே சங்கதிதான். ஒற்று இரட்டுவதற்குப் பதில் ‘அத்து’. தொல்காப்பியர் சாரியைகளை எழுத்ததிகாரத்தில் உருபியலில் வைத்தார், வேற்றுமைப் பொருளைச் சொல்லதிகாரத்தில் வைத்தார். வடமொழியின் எட்டு வேற்றுமைக் கணக்கு அவருக்கு முன்னால் இருந்தது, அந்தச் சட்டத்தில் இரண்டு உடம்புக் கதைக்கு இடமில்லை. அதனால் ஒரு பெயரின் சரித்திரம் இரண்டு அதிகாரங்களில் துண்டாகக் கிடக்கிறது. உரைகாரர்களும் ஒட்டவில்லை.

தெலுங்கில் என்ன நடக்கிறது? ஏறு எழுவாய். உருபுக்கு முன்னால், அல்லது இன்னொரு பெயருக்கு முன்னால், ஏடி. டகரத்தை வல்லோசையாகவே சொல்ல வேண்டும். ஆற்றங்கரைக்கு அங்கே ஏடிகட்டு. காட்டருவி செலயேறு, செலயேடி. வாய்க்கு நோறு, நோடி. நம்முடைய ற்ற அங்கே ட. எழுவாயில் நம்மைப் போலவே உருண்டுபோன எழுத்து, வேற்றுமை உடம்பில் நம்மைப் போலவே வல்லினமாக நிற்கிறது. தமிழும் தெலுங்கும் ஒன்றையொன்று பார்த்து இதைக் காப்பியடித்திருக்க முடியாது. கடன் வாங்குகிறவன் சொல்லை வாங்குவான், சொல்லின் இந்த நெளிவை வாங்க மாட்டான். ஆகையால் தமிழ் தமிழாகவும் தெலுங்கு தெலுங்காகவும் பிரிவதற்கு முன்பே *யாறு, *யாற்ற் என்று இரண்டு உடம்பு இருந்திருக்க வேண்டும். தெற்குக் கிளைக்கும் தெலுங்கு சேர்ந்த தென்-நடுக் கிளைக்கும் பொதுவான மூதாதையில் இது இருந்தது என்று நட்சத்திரம் போடலாம். வடக்கே குடுக், மால்டோ, பிராகுயி எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுபோய் இதே நட்சத்திரத்தை மாட்ட எனக்குச் சம்மதமில்லை. அதற்கு இங்கே நான் காட்டிய சாட்சி போதாது. நட்சத்திரத்துக்கும் நாணயம் உண்டு.

இரண்டு உடம்பின் பிரயோஜனத்தைப் பார்க்க வேண்டுமா? எண் ஆறு இரட்டிப்பதில்லை. இலக்கணக்காரர் ஆறனுருபு என்கிறார்கள், ஆற்றுருபு என்பதில்லை. பாரதியின் கதைத் தலைப்பு ‘ஆறில் ஒரு பங்கு’. அதை ‘ஆற்றில் ஒரு பங்கு’ என்று ஆக்கினால் தண்ணீர்த் தகராறு. ‘ஆறுல ஒண்ணு’ என்பதற்கும் ‘ஆத்துல ஒண்ணு’ என்பதற்கும் வித்தியாசம் பாபநாசத்தில் நாலு வயசுக் குழந்தைக்குத் தெரியும். எழுவாயில் தமிழ் கலந்துவிட்ட இரண்டு சொற்களை வேற்றுமையில் அந்தக் குழந்தை பிரித்து வைத்திருக்கிறது.

ஆக, கொச்சை எது? மேடையிலும் ஒலிபெருக்கியிலும் ‘ஆற்றில்’ என்பதைப் பெரும்பாலோர் ‘ஆட்ரில்’ என்று வாசிக்கிறார்கள். எழுத்தைப் பார்த்து உண்டாக்கிய உச்சரிப்பு அது. இரட்டை வல்லினத்துக்குள் இல்லாத ஒரு ரகரத்தைச் செருகுகிறது. யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் மலையாளத்திலும் ற்ற இன்னும் பழைய இடத்திலேயே ஒற்றுகிறது; ஆற்றிங்ஙல், ஆற்றுகால் என்று ஊர்ப் பெயரைச் சொல்கிற மலையாளியின் வாயைக் கவனித்தால் போதும். தஞ்சாவூர்க்காரன் ‘ஆத்து’ என்னும்போது நாக்கை ஒரு விரற்கடை முன்னால் தள்ளிப் பல்லில் வைத்துவிட்டான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வல்லினத்தை விடவில்லை, இரட்டிப்பை விடவில்லை, ரகரத்தைச் செருகவில்லை. பழைய உடம்பை அவன் இடம் மாற்றினான். மேடைக்காரர் உடைத்தார். நாம் முதலாமவனைக் கொச்சை என்றும் இரண்டாமவரைச் செந்தமிழ் என்றும் அழைக்கிறோம்.

இந்த இடம் மாறியதில் டெல்டாவில் ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது, அதைப் பற்றி யாரும் விரிவாக எழுதி நான் பார்த்ததில்லை. அக்ரஹாரத்தில் வீட்டுக்கு ஆம். அகம் என்பதன் தேய்வு. அகம் மகரத்தில் முடிவதால் மரம், மரத்து என்பதைப் போல அகம், அகத்து. அகத்து தேய்ந்து ஆத்து. ‘ஆத்துல இருக்கா’ என்றால் வீட்டில் இருக்கிறாள். ஆறு, ஆற்று என்பது தேய்ந்தாலும் ஆத்து. எழுவாயில் ஆம் வேறு, ஆறு வேறு. வேற்றுமைக்கு வந்ததும் இரண்டும் ஒரே மூச்சு. காவேரிக் கரையில் இருக்கிற ஒரு தெருவில் ‘ஆத்துக்குப் போனா’ என்றால் எங்கே போனாள் என்பது சொன்னவர் யார், கேட்டவர் யார், கையில் குடம் இருந்ததா என்பதைப் பொறுத்தது. நட்சத்திரத்தின் கணக்கில் இவை இரண்டு தனித்தனி வகுப்புகள்: ஒன்று ஒற்று இரட்டுவது, தெலுங்கு ஏடி அதற்குச் சாட்சி, மற்றது அத்து ஏற்பது, கன்னடத்தில் மர, மரத (மரத்தின்) என்று வருகிறதே அது சாட்சி. நூற்றாண்டுக் கணக்கில் தனித்தனியாக வந்த இரண்டு வாய்க்கால் கும்பகோணம் பக்கத்தில் கலக்கின்றன. இதில் ஜாதியும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. அடுத்த தெருவில் அதே அர்த்தத்துக்கு வீட்டுக்கு என்பார்கள். வீடு, வீட்டு, அது ஆறு, ஆற்று வகுப்பு. ஒரு ஆள் வீட்டை எந்த வகுப்பில் வேற்றுமைப்படுத்துகிறான் என்பதிலிருந்து எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். தி. ஜானகிராமன் இதையெல்லாம் காதால் எழுதினார். அவருடைய உரையாடலை ‘வட்டார வழக்கு’ என்று பாராட்டிவிட்டு விமர்சகர்கள் நகர்ந்துவிட்டார்கள். வழக்கு என்றால் என்ன, எந்த வகுப்பு, எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தால் விமர்சனத்துக்கு வேலை இருந்திருக்கும்.

வெளியே பார்க்கலாம். ஸ்லாவ் மொழிகளின் பொது மூதாதையும் எழுதிக் கிடைக்காதது, அதன் சொற்களும் நட்சத்திரத்தோடுதான் நிற்கின்றன. அங்கே ஆற்றுக்கு *ரேக்கா. நான்காம் வேற்றுமையிலும் ஏழாம் வேற்றுமையிலும் *ரேத்ஸே. நம் கிவி, செவியாக ஆன மாதிரியே ஒரு குறிப்பிட்ட உயிருக்கு முன்னால் ககரம் ‘த்ஸ’ ஆனது. போலிஷ், செக் மொழிகளில் அந்த மாறுதல் இன்றும் வேற்றுமையில் நிற்கிறது. ரஷ்யன் எழுவாயைப் பார்த்துச் சமப்படுத்திவிட்டது, மறுபடி ககரம். எழுதிக் கிடைத்ததில் மிகப் பழையது 9ஆம் நூற்றாண்டில் சிரிலும் மெத்தோடியஸும் வேதப் புத்தகத்துக்காக அமைத்த பழைய சர்ச் ஸ்லாவிக்; மூதாதைக்கு மிக நெருங்கியது அதுதான். நெருங்கியது என்பதற்காக அதையே தாய் என்று எந்த ஸ்லாவ் அறிஞரும் சொல்வதில்லை. தெற்குக் கிளையின் ஒரு பேச்சு என்று அதற்குரிய நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். பழந்தமிழுக்கு அப்படி ஒரு நாற்காலி போடச் சொன்னால் இங்கே தமிழ்த் துரோகம்.

அதைவிட முக்கியமானது 1951இல் நடந்தது. நோவ்கோரோத் நகரத்தில் மண்ணைத் தோண்டியபோது பூர்ஜ மரப்பட்டையில் கீறிய கடிதங்கள் வெளிப்பட்டன. இதுவரை ஆயிரத்துக்கு மேல். கடன் பாக்கி, கல்யாணப் பேச்சு, ஒரு சிறுவனின் எழுத்துப் பயிற்சி, இந்த மாதிரி. முதலில் இவற்றின் எழுத்துப் ‘பிழைகளை’, படிக்காதவர்களின் தவறு என்று தள்ளினார்கள். ஸலிஸ்னியாக் என்ற அறிஞர் நிதானமாகப் பார்த்து, அவை பிழையே அல்ல, ககரம் ‘த்ஸ’ ஆகாமல் நின்றுவிட்ட ஒரு பழைய பேச்சு என்று காட்டினார். எல்லா ஸ்லாவ் மொழிகளுக்கும் பொது என்று நினைத்திருந்த மாறுதல் நோவ்கோரோதைத் தொடவில்லை. சந்தைக்காரர்களின் கொச்சை, மூதாதையின் இலக்கணத்தைத் திருத்தியது. நம்மிடம் மரப்பட்டை இல்லை, வாய் இருக்கிறது. மன்னார்குடியிலும் வேதாரண்யத்திலும் இன்னும் பேசுகிறார்கள்.

கல்விக்கூடத்தார் மேல் எனக்குள்ள புகார் வேறு ரகம். அவர்களுக்கு விஷயம் தெரியும். தஞ்சாவூரிலேயே 1981இல் தமிழுக்கென்று பல்கலைக்கழகம் வந்தது, முதல் துணைவேந்தர் வ. அய். சுப்பிரமணியம் மொழியியல்காரர். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியலுக்கென்றே உயராய்வு மையம் நடந்தது. வட்டாரப் பேச்சுகளையும் மலைவாழ் மக்களின் மொழிகளையும் பதிவு செய்தவர்கள் அங்கிருந்து போனவர்கள். அந்த உழைப்பு எந்த மொழியில் அச்சேறியது, எந்த எழுத்தில்? மேலே புள்ளி, கீழே கோடு போட்ட ரோமன் எழுத்தில், சக ஆய்வாளருக்காக. *யாற்ற் என்பதைத் தமிழ் எழுத்தில் தமிழ் வாசகனுக்கு எழுதினால் பதவி உயர்வுக்கு உதவாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவர்கள் காலி செய்த அந்த இடத்தில்தான் பட்டிமன்றம் கடை போட்டது. அரிசியிலிருந்து கிரேக்க ‘ஒரூசா’ வந்தது என்று 19ஆம் நூற்றாண்டில் சொன்னதை இன்றும் நெல் திருவிழாவில் சத்தியம் போலச் சொல்கிறார்கள். ஈரானிய மொழிகள் வழியாகப் போனது என்பதுதான் இன்று பெரும்பாலோர் கருத்து என்று எழுந்து சொல்லப் பேராசிரியர் யாரும் அந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை.

நாமும் யோக்கியமில்லை. படிமம், தொனி, மௌனம் என்று ஐம்பது வருஷமாகப் பேசிவிட்டோம். ஒரு கவிதையில் ‘ஆற்றங்கரை’ என்று ஒருவன் எழுதினால் அதில் வந்து உட்கார்ந்திருக்கும் ‘அம்’ எதற்கு, அதைச் சேர்த்தால் ஓசை எப்படிக் கரைகிறது, ‘ஆற்றுக்கரை’ என்று எழுதியிருந்தால் எது கெட்டிருக்கும் என்று ஒரு விமர்சகனாவது வரி எழுதியதுண்டா? பேச்சுமொழியில் எழுதுகிறேன் என்று வருகிற இளைஞன் ‘ஆத்துல’ என்று ஒரு பக்கமும் ‘ஆற்றுல’ என்று அடுத்த பக்கமும் எழுதுகிறான். இரண்டாவது எந்த வாயிலும் இல்லாதது, பாதி பயம், பாதி துணிச்சல். அதை யாரும் திருத்துவதில்லை. ‘ஆத்துல’வைத்தான் திருத்துகிறார்கள்.

கடைசியாக உருபுக்கு வருகிறேன், ஏனென்றால் நட்சத்திரத்தின் எல்லை அங்கேதான் தெரிகிறது. நான்காம் வேற்றுமைக்கு *க்கு என்று போடுவதில் பெரிய சண்டை இல்லை. ஏழாம் வேற்றுமைக்கு அப்படி ஒன்றை நிறுத்த முடியவில்லை. தொல்காப்பியர் கண் என்கிறார், எழுதும்போது நாம் இல் என்கிறோம், வாய் ல என்கிறது. தெலுங்கும் கன்னடமும் அவரவர் வழியில் போகின்றன. இடத்தைக் குறிக்க வேண்டும் என்ற தேவை பழையது, அதற்கான உருபுகள் ஒவ்வொரு வீட்டிலும் தனியாகச் செய்துகொண்டவை. உருபு இல்லாமலும் காரியம் நடந்திருக்கிறது. சோழர் காலத்து நில ஆவணங்களில் பாசன வாய்க்காலையும் அதை ஒட்டிய சதுரத்தையும் எண்ணிட்டு நிலம் காட்டும்போது ‘கண்ணாற்று’, ‘சதிரத்து’ என்று மொட்டையாக நிற்கும். இல் கிடையாது, கண் கிடையாது, அந்த இரண்டாவது உடம்பே இடத்தைக் காட்டிவிடுகிறது. எழுதியவன் ஊர்க் கணக்கன். கண்ணாறு எது என்று அவனுக்குக் காலால் தெரியும். அதே கண்ணாறுகளைப் பின்னால் வந்த நில அளவை எண்களாக மாற்றியது. எண்ணுக்கு வேற்றுமை உடம்பு ஏது? மேட்டூர் அணையோடு சேர்த்து 1934இல் முடித்த கல்லணைக் கால்வாயைப் பொறியாளர்கள் கால்வாய் என்று பதிந்தார்கள், தஞ்சாவூர் ஜனங்கள் புது ஆறு என்றார்கள். வெட்டியதுதான், மனிதன் வெட்டியதுதான், ஆனாலும் ‘புதாத்துல’ என்று ஒரே நாளில் பழைய வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

நட்சத்திரத்துக்கு எட்டாதது இன்னொன்றும் உண்டு. கோண்டியில் ஏர் என்றால் ஆறு இல்லை, தண்ணீர். நம் பக்கம் ஆறு. முதலில் எது? தண்ணீர் என்ற சொல் ஓடத் தொடங்கி ஆறானதா, ஆறு வற்றித் தண்ணீர் மட்டும் மிஞ்சியதா? வடிவத்தை மீட்கத் தெரிந்த முறைக்கு அர்த்தத்தை அதே நிச்சயத்தோடு மீட்கத் தெரியாது. அகராதி இரண்டையும் ஒரே பதிவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறது. ஜூன் 12ஆம் தேதி மேட்டூரில் திறந்த வருஷங்களில் கடைமடைக்கு வந்து சேர நாள் பிடிக்கும். அதுவரை மணல்தான், அதற்கும் பெயர் ஆறுதான். வந்து சேர்ந்த அன்று கரையில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் ‘ஆறு வந்துருச்சு’ என்பார்கள், பாதிப் பேர் ‘தண்ணி வந்துருச்சு’ என்பார்கள்.